பெரிய கப்பல்களை எங்கே நிறுத்துவது? நங்கூரப் பரப்பு ஒதுக்குவதில் நான்கு வழிகள்

ஒரு துறைமுகத்துக்கு வெளியே ஐந்தாறு கப்பல்கள் நிற்கும்வரை அவை எங்கே நிற்கின்றன என்று யாரும் கேட்பதில்லை. கேப்டன்களே இடம் பார்த்து நங்கூரம் போட்டுக்கொள்வார்கள். எண்ணிக்கை இருபது, முப்பது என்று ஏறி, அவற்றில் பாதி 300 மீட்டர் நீளக் கப்பல்கள் என்றாகும்போதுதான் கடல் வரைபடத்தை விரித்து வைத்து "இங்கே நில், அங்கே நிற்காதே" என்று சொல்லவேண்டிய கட்டாயம் வருகிறது. அந்த முடிவை எடுக்க உட்காருபவர்களுக்கு முன்னால் பெரும்பாலும் நான்கு வழிகள் இருக்கும். கரையை ஒட்டிய மறைவான நீரில் இடம் கொடுக்கலாம். திறந்த கடலில் எண் போட்ட வட்டங்களாக ஒதுக்கலாம். நங்கூரமே வேண்டாம், ஆழ்கடலில் மிதந்தபடி காத்திருங்கள் என்று அனுப்பிவிடலாம். அல்லது கப்பல்கள் அவ்வளவு சீக்கிரம் வந்து சேராதபடி பார்த்துக்கொள்ளலாம்.

ஐந்தாவதாக ஒன்றும் உண்டு: இப்போது நடப்பதை அப்படியே விட்டுவிடுவது. கேப்டனுக்குத் தெரியாததா என்பது இதற்கான வாதம். தெரியும்தான். ஆனால் ஒவ்வொரு கேப்டனும் தன் கப்பலுக்கு எது வசதி என்று பார்ப்பார். நாளைக்குப் பக்கத்தில் வந்து நிற்கப்போகும் கப்பலும், கடலடியில் கிடக்கும் குழாயும் அவர் கணக்கில் வராது. கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிகாட்டிக் கொண்டுபோகும் பைலட் ஏறும் இடத்தைச் சுற்றியே எல்லாரும் குவிவார்கள். இந்த வழியை இத்துடன் விட்டுவிடலாம்.

மற்ற நான்கையும் எடைபோட ஓர் அளவுகோல் வேண்டும். வழக்கமாகச் சொல்லப்படும் அளவுகோல், கடலடியில் நங்கூரம் நன்றாகப் பிடிக்குமா என்பது. அது முக்கியம்தான், ஆனால் போதாது. நங்கூரம் பிடி விட்ட கணத்திலிருந்து கப்பல் எதன் மீதாவது மோதும்வரை எத்தனை நிமிடம் கிடைக்கும் என்பதே முதல் கேள்வியாக இருக்கவேண்டும் என்பது என் கருத்து. அதற்கான காரணம் நங்கூரத்திலேயே இருக்கிறது.

நங்கூரம் எவ்வளவு தாங்கும்?

மிகப் பெரிய கப்பல்களின் நங்கூரம் ஒன்று 15 டன்னுக்கு மேலும் இருக்கும். ஆனால் கப்பலை நிறுத்துவது நங்கூரம் மட்டும் அல்ல, அதோடு சேர்ந்து தரையில் படுத்துக் கிடக்கும் சங்கிலியும்தான். சங்கிலியின் கனம் இழுவையைக் கிடையாக வைத்திருக்கிறது, அதனால்தான் நங்கூரத்தின் கொழு, அதாவது மண்ணில் குத்தும் அகன்ற நுனி, மண்ணுக்குள் புதைந்து நிற்கிறது. சங்கிலி விறைத்து மேலே தூக்க ஆரம்பித்தால் கொழு பெயர்ந்துவிடும். ஆழத்தைப்போல் ஆறு மடங்கிலிருந்து பத்து மடங்குவரை சங்கிலி விடவேண்டும் என்ற கணக்கு இதிலிருந்து வந்ததுதான்.

கப்பல்களுக்குத் தரச்சான்று தரும் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஐஏசிஎஸ், எந்தக் கப்பலுக்கு எவ்வளவு பெரிய நங்கூரம், எவ்வளவு சங்கிலி வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. அந்த விதியின் அடிப்படையைக் கடற்கரையிலிருந்து பார்ப்பவர்கள் அதிகம் அறிவதில்லை. துறைமுகத்துக்குள்ளோ மறைவான நீரிலோ தற்காலிகமாக நிற்பதற்கான சாதனம் அது. புயல் வீசும் திறந்த கரையில் கப்பலைப் பிடித்து நிறுத்துவதற்கானது அல்ல என்று விதியே சொல்கிறது. கணக்கில் எடுத்துக்கொண்ட காற்று விநாடிக்கு 25 மீட்டர், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர். நீரோட்டம் விநாடிக்கு 2.5 மீட்டர். அலை என்று ஒன்று அந்தக் கணக்கில் இல்லவே இல்லை. 135 மீட்டருக்கு மேல் நீளமான கப்பல்களுக்கு அலையையும் சேர்த்து மாற்றுக் கணக்கு ஒன்று உண்டு. அதில் 2 மீட்டர் அலை வருகிறது, ஆனால் காற்று விநாடிக்கு 11 மீட்டருக்கும் நீரோட்டம் 1.54 மீட்டருக்கும் இறங்கிவிடுகிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று என்பது கடலில் பெரிய விஷயமே இல்லை. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால், 25க்கும் 11க்கும் இடையே இருப்பது ஐந்து மடங்கு வித்தியாசம். சாதாரணமாக ஒரு மோசமான நாளிலேயே திறந்த கடலில் நிற்கும் கப்பல் தன் நங்கூரத்தின் எல்லையைத் தொட்டுவிடும்.

அப்படித் தொட்டுவிட்டால்? சங்கிலியை ஷேக்கிள் கணக்கில்தான் சொல்வார்கள். ஒரு ஷேக்கிள் 27.5 மீட்டர். எட்டு ஷேக்கிள் விட்டிருந்தால் 220 மீட்டர். விண்ட்லாஸ் எனப்படும் சுருட்டும் இயந்திரத்துக்கான குறைந்தபட்ச வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டர். ஆக முழுவதையும் ஏற்ற 24, 25 நிமிடம் ஆகும், அதுவும் சுமை அதிகமில்லாத நிலையில். நங்கூரம் இழுபடுகிறது என்று கவனிக்கவும், கீழே இன்ஜின் அறைக்குச் சொல்லி இன்ஜினைத் தயார் செய்யவும் ஒரு கால்மணி நேரம் போடுங்கள். மொத்தம் 40 நிமிடம். இழுபடும் கப்பல் மணிக்கு 2 கடல்மைல் வேகத்தில் நகர்ந்தாலும் அதற்குள் 1.3 கடல்மைல் போய்விடும். 3 கடல்மைல் வேகம் என்றால் முழுதாக 2 கடல்மைல். அப்புறம் அலைக்கு எதிராகக் கப்பலைத் திருப்பவும் இடம் வேண்டும். காற்று தள்ளும் பக்கத்தில் 3 கடல்மைலாவது வெறும் கடலாக இல்லாத இடம் எனக்குப் பாதுகாப்பான இடமாகத் தெரியவில்லை.

கரையோர மறைவிடம்

முதல் வழிக்கு ஆதரவு எப்போதும் அதிகம். விரிகுடாவோ தீவின் மறைவோ இருந்தால் அலை குறைவு. மாலுமி மாற்றம், மருத்துவர், உணவுப் பொருள், எரிபொருள் எல்லாம் சிறு படகில் போய் வரும். இழுவைப் படகு கூப்பிடு தூரத்தில் இருக்கும். விதியில் சொன்ன "மறைவான நீர்" என்ற நிபந்தனையும் நிறைவேறுகிறது, நங்கூரம் எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலையை மட்டும் செய்கிறது.

சிக்கல் என்னவென்றால், மறைவு என்பது திசையைப் பொறுத்தது. ஒரு பருவத்தில் காற்றைத் தடுக்கும் குன்று, காற்று மாறினால் கப்பலைத் தன் மீது மோதவைக்கும் எதிரிக் கரையாகிவிடும். அந்தக் கரை அரை மைலில் இருந்தால் நமக்குக் கிடைப்பது 40 நிமிடம் அல்ல, 10 அல்லது 15. அப்புறம் இட நெருக்கடி. முளைக்குச்சியில் கட்டிய மாடுபோல நங்கூரமிட்ட கப்பல் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்பச் சுற்றி வரும். விட்ட சங்கிலியின் கிடைத்தூரமும் கப்பலின் நீளமும் சேர்ந்ததுதான் அந்த வட்டத்தின் ஆரம். 330 மீட்டர் டேங்கர் ஒன்று 60 மீட்டர் ஆழத்தில் பத்து ஷேக்கிள் விட்டால் ஆரம் ஏறத்தாழ 600 மீட்டர். பிழைக்கு இடம் விட்டு 800 என்று வைத்தால், ஒரே ஒரு கப்பல் 2 சதுர கிலோமீட்டரை எடுத்துக்கொள்கிறது. சின்ன விரிகுடாவில் இப்படி எத்தனை அடங்கும்?

கரையில் வாழ்பவர்களின் குறையும் இங்கேதான் எழும். கனடாவின் மேற்குக் கரையில் தெற்கு வளைகுடாத் தீவுகளுக்கு இடையே வான்கூவர் துறைமுகத்துக்காகக் காத்திருக்கும் கப்பல்களின் ஜெனரேட்டர் இரைச்சலும் இரவு வெளிச்சமும் பல ஆண்டுகளாகத் தீவுவாசிகளின் புகார். 2018ல் அங்கே இடைக்கால நடைமுறை ஒன்று கொண்டுவந்து, கப்பல்களைப் பல இடங்களுக்குப் பங்கிட்டு நிறுத்த ஆரம்பித்தார்கள். வெளிச்சத்தைப் பற்றி ஒரு சங்கதி: அது மாலுமிகளின் அலட்சியம் இல்லை. கடலில் மோதலைத் தடுக்கும் சர்வதேச விதிகளின் 30ஆவது விதி, 100 மீட்டரும் அதற்கு மேலும் நீளமான கப்பல் நங்கூரத்தில் நிற்கும்போது மேல்தளத்தை விளக்கால் வெளிச்சமாக வைத்தே ஆகவேண்டும் என்கிறது. வெளிச்சத்தின் கூசலைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லலாமே தவிர அணைக்கச் சொல்ல முடியாது. இரைச்சலும் அப்படித்தான். நங்கூரத்தில் நின்றாலும் கப்பலுக்கு மின்சாரம் வேண்டும், துணை ஜெனரேட்டர் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

கடலடிக்கு வருவோம். ஆழம் குறைந்த மறைவான நீர்தான் கடற்புல்லும் பவளமும் வளரும் இடம். நங்கூரம் விழும் இடத்தைவிடச் சங்கிலி உரசும் பரப்புதான் பெரிய சேதம், கப்பல் சுற்றும்போதெல்லாம் அது தரையைச் சீவிக்கொண்டே போகும். மத்தியதரைக் கடலின் பொசிடோனியா புல்வெளி பக்கவாட்டில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் பரவும். ஒரு தடவை கிழிந்தது மூடப் பல பத்தாண்டுகள் ஆகும். பிரான்ஸ் தன் மத்தியதரைக் கரையில் 2019ல் விதி கொண்டுவந்து, 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமான கலங்கள் இந்தப் புல்வெளிகளில் நங்கூரமிடுவதைத் தடுக்கத் தொடங்கியது. மெக்சிகோ வளைகுடாவின் ஃப்ளவர் கார்டன் பவளத் திட்டுகளில் நங்கூரமே போடக்கூடாது என்ற தடையைச் சர்வதேசக் கடல்சார் அமைப்பான ஐஎம்ஓ 2000ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டது.

திறந்த கடலில் எண் போட்ட வட்டங்கள்

இரண்டாவது வழி இதற்கு நேர்மாறு. மறைவு கிடையாது, இடம் உண்டு. பத்துப் பதினைந்து கடல்மைல் நீளத்துக்கு ஒரு பரப்பை எடுத்து, அதில் வட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, கப்பல் வரும்போதே "உனக்கு 14" என்று சொல்லிவிடுவது.

எங்கே என்பதை முதலில் ஆழம் தீர்மானிக்கும். சுமை ஏற்றிய மிகப் பெரிய டேங்கர் 20 மீட்டருக்கு மேல் நீரில் அமிழ்ந்திருக்கும். அலையில் ஏறி இறங்கும்போது தரையைத் தொடாமலிருக்க 30 மீட்டராவது வேண்டும். மேல் எல்லையை விண்ட்லாஸ் வகுக்கிறது. நங்கூரத்தோடு மூன்று ஷேக்கிள், அதாவது 82.5 மீட்டர் சங்கிலி செங்குத்தாகத் தொங்கும் சுமையைத் தூக்கும்படிதான் பொதுவாக அதை வடிவமைக்கிறார்கள். அதைவிட ஆழத்தில் போட்டால் திரும்ப எடுப்பது சந்தேகம். பழைய இயந்திரம் என்றால் இன்னும் குறைவு. ஆக நடைமுறையில் 30க்கும் 60க்கும் இடைப்பட்ட ஆழம், சரிவு குறைந்த தரை, களிமண் அல்லது களிகலந்த மணல். பாறையில் நங்கூரம் பிடிக்காது, அல்லது இடுக்கில் மாட்டிக்கொண்டு திரும்ப வராது. குழைசேற்றில் புதையும், ஆனால் உழுதுகொண்டே போகும். கண்டத்திட்டு, அதாவது கரையிலிருந்து கடலுக்கடியில் நீளும் ஆழம் குறைந்த தரை, அகலமாக இருக்கும் கடலில் இந்தப் பட்டை தாராளமாகக் கிடைக்கும். திட்டு குறுகலாக இருந்தால் கரைக்கு ரொம்பப் பக்கத்திலேயே முடிந்துவிடும். அந்த இடங்களில் இந்த வழியை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

வட்டங்களை ஒன்றோடொன்று மேவவிட்டு இடத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று ஒரு யோசனை எப்போதும் வரும். எல்லாக் கப்பலும் ஒரே பக்கம்தானே திரும்பும் என்பார்கள். திரும்பாது. வெறுங்கப்பல் நீர்மட்டத்துக்கு மேல் உயர்ந்து நிற்பதால் காற்றின் சொல்படி கேட்கும். சுமை ஏற்றிய டேங்கர் நீருக்குள் மூழ்கி நிற்பதால் நீரோட்டத்தின் பக்கம் திரும்பும். காற்றும் ஓட்டமும் எதிரெதிராக இருக்கும் நேரத்தில் இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துத் திரும்பி நிற்கும். 800 மீட்டர் ஆர வட்டங்களை மேவாமல் கட்டமாக அடுக்கினால் கப்பலுக்கு ஏறத்தாழ 2.5 சதுர கிலோமீட்டர். இருபது கப்பலுக்கு 50 சதுர கிலோமீட்டர். இது கேட்கும்போது மலைப்பாகத்தான் இருக்கும், குறைத்தால்தான் ஆபத்து.

அடுத்தது, அந்த 50 சதுர கிலோமீட்டருக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது. இங்கேதான் பல இடங்களில் சறுக்கியிருக்கிறார்கள். கலிபோர்னியாவின் சான் பெட்ரோ விரிகுடாவில் 2021 ஜனவரி 25 அன்று பலத்த காற்றில் இரண்டு கன்டெய்னர் கப்பல்களின் நங்கூரங்கள் இழுபட்டு, கடலடி எண்ணெய்க் குழாயின் மேல் உரசின. குழாய் 30 மீட்டருக்கு மேல் இடம்பெயர்ந்தது. அன்றைக்கு எதுவும் கசியவில்லை. எட்டு மாதம் கழித்து அக்டோபர் தொடக்கத்தில்தான் அடிபட்ட இடத்தில் விரிசல் விட்டு, சுமார் 95,000 லிட்டர் கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்துச் சொன்னது: ஒதுக்கப்பட்ட நங்கூர இடங்களே குழாய்க்கு மிக அருகில் இருந்தன. கப்பல்கள் குழாயைக் கடந்து இழுபட்டன என்பதைக் குழாய் நடத்துபவர்களுக்கு யாரும் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் மறு வாரமே ஆள் இறக்கிப் பார்த்திருக்கலாம். வரைபடத்தில் வட்டம் போட்டவர்கள் நிற்கும் கப்பலை மட்டும் நினைத்தார்கள், இழுபடும் கப்பலை நினைக்கவில்லை.

கடலடி இணையக் கேபிள்களுக்கும் இதே கதைதான். உலகம் முழுக்க ஆண்டுக்கு 150 முதல் 200 கேபிள் பழுதுகள், பெரும்பகுதி மீன்பிடி வலைகளாலும் நங்கூரங்களாலும். ஒரு பழைய ஏற்பாடு இன்னும் உயிரோடு இருக்கிறது: கேபிளில் நங்கூரம் மாட்டிக்கொண்டால் கேபிளை அறுக்காமல் நங்கூரத்தைத் துறந்துவிடும் கப்பலுக்குக் கேபிள் உரிமையாளர் ஈடு தரவேண்டும். தந்திக் கம்பிகளுக்காக 1884ல் எழுதப்பட்டது, ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 115ஆவது பிரிவிலும் தொடர்கிறது. அந்த அளவுக்குப் போகாமல், கேபிள்காரர்களையும் குழாய்க்காரர்களையும் முதல் கூட்டத்துக்கே அழைத்துவிடுவது மலிவு.

காற்றாலைகள் புதிய சேர்க்கை. 2022 ஜனவரி 31 அன்று நெதர்லாந்துக் கரைக்கு வெளியே, கோரி புயலில், நங்கூரமிட்டிருந்த ஜூலியெட்டா டி என்ற 190 மீட்டர் சரக்குக் கப்பல் இழுபட்டு ஒரு டேங்கரில் மோதியது. இன்ஜின் அறையில் தண்ணீர் புகுந்தது. 18 மாலுமிகளும் ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டார்கள். ஆளில்லாத கப்பல் அதன்பின் கட்டுமானத்தில் இருந்த காற்றாலைப் பண்ணைக்குள் புகுந்து அங்கிருந்த அடித்தளத்தையும் இடித்தது. நங்கூரப் பரப்பு முதலில் இருந்தது, காற்றாலை பின்னால் வந்தது என்பது பல கடல்களில் நடப்பது. முதலில் ஒதுக்கும்போதே, காற்று தள்ளும் பக்கத்து 3 கடல்மைலையும் நங்கூரப் பரப்பின் பகுதியாகவே வரைபடத்தில் பூட்டிவைக்காவிட்டால் வேறொரு துறை வந்து அதை நிரப்பிவிடும்.

மீனவர்கள் இழப்பதும் இதில்தான் அதிகம். நங்கூரம் நன்றாகப் பிடிக்கும் களித்தரை பல இடங்களில் நல்ல இறால் தரையும்கூட. கரையோர வழியில் தீவுவாசிகள் குரல் எழுப்புவார்கள். இங்கே எழுப்புபவர்கள் குறைவு, நஷ்டம் குறைவல்ல. ஒதுக்கும் பரப்பை வலை போடும் கால அட்டவணையோடு வைத்துப் பார்க்கவேண்டும்.

ஆழ்கடலில் மிதந்து காத்திருப்பது

2021 நவம்பரில், லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்களுக்கு முன்னால் தேங்கிக்கொண்டிருந்த கன்டெய்னர் கப்பல்களை 150 மைல் தள்ளிக் காத்திருக்கச் சொன்னார்கள். நங்கூரம் கிடையாது. இன்ஜினை நிறுத்தி மிதக்கலாம், அல்லது மெதுவாக ஓடிக்கொண்டிருக்கலாம். கடலடிக்குச் சேதமில்லை, குழாயில்லை, கேபிளுக்கு ஆபத்தில்லை, கரையில் யாருக்கும் வெளிச்சமில்லை. நிமிடக் கணக்கு என்ற என் அளவுகோலில் வைத்தால் இதுதான் முதலிடம். 150 மைல் என்றால் பழுதான கப்பல்கூட நாட்கணக்கில் மிதக்கலாம்.

ஆனால் மிதக்கும் கப்பல் நிற்கும் கப்பல் அல்ல. சட்டப்படி அது பயணத்தில் இருக்கும் கப்பல், எதிரே வருபவருக்கு வழி விடும் கடமை முழுதாக உண்டு. பாலத்தில், அதாவது கப்பலை ஓட்டும் அறையில், முழுக் காவல் வேண்டும். ஓட்டத்தோடு மணிக்கு 1 கடல்மைல் போனாலும் ஒரு நாளில் 24 கடல்மைல் தள்ளிப்போயிருக்கும், பிறகு திரும்பி வர எரிபொருள். மாலுமிக்கு உடல்நலம் கெட்டால் ஹெலிகாப்டர் சட்டென்று வந்து சேர முடியாத தூரம். வாரக்கணக்கில் அலையில் ஆடிக்கொண்டிருக்கும் ஆட்களுக்கு ஓய்வும் ஓய்வாக இருக்காது.

சட்டத்திலும் ஒரு முடிச்சு உண்டு. கடலோர நாட்டின் பிராந்தியக் கடல் 12 கடல்மைல். அதற்குள் எங்கே நிற்பது என்று அதிகாரமாகச் சொல்லலாம். அதைத் தாண்டினால் கட்டாயத் தடைக்கு ஐஎம்ஓ வழியாகப் போகவேண்டும். அப்படியென்றால் கலிபோர்னியாவில் 150 மைல் எப்படி நடந்தது? உத்தரவால் அல்ல, வரிசையால். முன்பு கரைக்கு அருகே வந்து சேர்ந்தால்தான் வரிசையில் இடம். புது ஏற்பாட்டில் முந்தைய துறைமுகத்தைவிட்டுக் கிளம்பிய நேரத்தைக் கொண்டே இடம் தந்தார்கள். பக்கத்தில் வந்து நிற்பதில் லாபம் இல்லை என்றானதும் கப்பல்கள் தாமாகவே விலகி நின்றன.

வராமலே காத்திருப்பது

அந்த யோசனையை முழுதாக நீட்டினால் நான்காவது வழி வருகிறது. இடம் காலியாகும் நேரத்துக்குச் சரியாக வந்து சேரும்படி கப்பல் வழியிலேயே வேகத்தைக் குறைத்துக்கொள்வது. எரிபொருள் மிச்சம் கணிசமானது. 2022ல் ஐஎம்ஓ சார்ந்த திட்டம் வெளியிட்ட ஆய்வில், கன்டெய்னர் கப்பல் பயணம் முழுவதும் இப்படி வேகத்தைச் சரிசெய்தால் சராசரியாக 14 சதவீதம் எரிபொருள் மிச்சம், கடைசி 12 மணி நேரம் மட்டும் செய்தாலும் 4 சதவீதம் என்று கணக்கிட்டார்கள்.

இவ்வளவு நல்லது என்றால் ஏன் எல்லாரும் செய்வதில்லை? வாடகை ஒப்பந்தம்தான் காரணம். நிலக்கரி, தானியம் போன்றவற்றை மூட்டை கட்டாமல் மொத்தமாக ஏற்றும் கப்பல்களில், தாமதமின்றிப் போய்ச் சேரவேண்டும் என்பது கேப்டனின் கடமை. போய்ச் சேர்ந்து "தயார்" என்று அறிவிப்புக் கொடுத்த பிறகுதான் காத்திருப்புக்கான நேரக் கணக்கும், டெமரேஜ் எனப்படும் தாமதக் கட்டணமும் ஓட ஆரம்பிக்கும். வேகமாக ஓடி வந்து சும்மா நிற்பதற்குக் காசு, மெதுவாக வருவதற்கு வழக்கு. இதை மாற்ற ஒப்பந்தங்களில் சேர்க்கும் மாதிரிப் பிரிவுகள் வந்துவிட்டன, ஆனால் சரக்குக்காரர், கப்பல்காரர், துறைமுகம் மூன்று பேரும் சம்மதிக்கவேண்டும். துறைமுகம் சொல்லும் நேரத்தை நம்பவும் முடியவேண்டும். கிரேன் பழுது, மழை, பைலட் தட்டுப்பாடு என்று நேரம் மாறிக்கொண்டே இருக்கும் துறைமுகத்தில் இந்த வழி தாளில் மட்டுமே இருக்கும்.

எனக்குத் தோன்றும் முடிவு

கண்டத்திட்டு அகலமான கடல் என்றால் என் வாக்கு இரண்டாவது வழிக்கு, இரண்டு திருத்தங்களோடு. மறைவான கரையோர நீரை இருபது கப்பலுக்கான வாகன நிறுத்தமாக ஆக்கக்கூடாது. அங்கே மூன்று நான்கு இடங்களை மட்டும் வைத்துக்கொண்டு, எரிபொருள் ஏற்றுவது, மருத்துவ அவசரம், பழுதான கப்பலுக்கு அடைக்கலம் போன்றவற்றுக்கு ஒதுக்கலாம். இரண்டாவதாக, வரிசை முறையை மாற்றி எண்ணிக்கையைக் குறைக்கவேண்டும். முப்பது கப்பல் நிற்கும் இடத்தில் பத்து மட்டும் நின்றால் மேலே சொன்ன எல்லாக் கணக்கும் தானாகவே சுலபமாகிவிடும். திட்டு குறுகலான கரையில் மூன்றாவது வழிதான், வேறு கதியில்லை.

ஆனால் திறந்த கடல் வட்டங்கள் ஒரு நிபந்தனையின் பேரில்தான் பாதுகாப்பு: காற்று ஏறுவதற்கு முன் கப்பல்கள் கிளம்பிவிடவேண்டும். ஆஸ்திரேலியாவின் நியூகாசிலில் 2007 ஜூன் 8 அன்று நடந்தது இதற்குப் பாடம். நிலக்கரி ஏற்ற ஐம்பதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் வெளியே நின்றிருந்தன. பலத்த காற்று எச்சரிக்கை வந்தும் பல கேப்டன்கள் நங்கூரத்தை நம்பி இருந்துவிட்டார்கள். 225 மீட்டர் நீளமுள்ள பாஷா பல்கர், வெறுங்கப்பல், இழுபட ஆரம்பித்த பிறகே நங்கூரத்தை எடுத்தது. கரையிலிருந்து விலக முடியாமல் நாபிஸ் கடற்கரையில் மணலில் ஏறியது. மாலுமிகளை ஹெலிகாப்டரில் தூக்கினார்கள். கப்பலை மீட்க ஜூலை 2 ஆகிவிட்டது. விசாரணை கேப்டனின் முடிவுகளைக் குறை சொன்னது, சரிதான். ஆனால் ஐம்பது கேப்டன்களிடம் ஐம்பது தனித்தனி முடிவை விட்டுவைத்த ஏற்பாட்டையும் பார்க்கவேண்டும். பின்னால் அங்கே வருகையை முன்கூட்டியே ஒழுங்குபடுத்தும் முறை வந்து, வெளியே நிற்கும் வரிசை வெகுவாகக் குறைந்தது.

எனவே காற்றின் அளவை எண்ணாகவே எழுதிவைக்கவேண்டும். முன்னறிவிப்பில் இத்தனை மீட்டர் காற்று, இத்தனை மீட்டர் அலை என்று வந்தால் வெறுங்கப்பல்கள் முதலில், இத்தனை மணி நேரத்துக்குள், இந்தத் திசையில் வெளியேறவேண்டும். ஐஏசிஎஸ் மாற்றுக் கணக்கின் 11 மீட்டர் காற்றும் 2 மீட்டர் அலையும் இன்ஜினைத் தயார் நிலையில் வைக்கச் சொல்வதற்கான எல்லையாக இருக்கலாம். கிளம்பச் சொல்லும் எல்லை அந்தந்தக் கடலின் அலையையும் தரையையும் பார்த்துத்தான். கண்காணிப்பு நிலையத்தில் ஒவ்வொரு வட்டத்துக்கும் எச்சரிக்கை மணி இருக்கவேண்டும், கப்பல் தன் வட்டத்தைத் தாண்டினால் அது அடிக்கவேண்டும். குழாயோ கேபிளோ அருகில் இருந்தால் அதன் உரிமையாளருக்கும் அதே நேரத்தில் தகவல் போகவேண்டும்.

இதெல்லாம் இருந்தும் கேப்டன் தயங்குவார், அதற்கு அவருக்குக் காரணம் இருக்கிறது. நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு நாள் கடலில் சுற்றினால் எரிபொருள் செலவு. திரும்பி வரும்போது பின்னால் வந்த கப்பல் முந்தியிருந்தால் கம்பெனிக்கு யார் பதில் சொல்வது? அதனால் வெளியேறும் உத்தரவில் ஒரு வரி சேர்ந்தே இருக்கவேண்டும்: உத்தரவின்படி கிளம்பிய கப்பலின் வரிசை எண் மாறாது, தயார் அறிவிப்புக் கொடுத்த நேரமும் செல்லும். இதில் முதல் பாதியைத் துறைமுகமே எழுதித் தரலாம். இரண்டாவது பாதிக்குச் சரக்குக்காரர்களும் கையெழுத்துப் போடவேண்டும், அதை வட்டம் வரையத் தொடங்கும் முன்னாலேயே வாங்கிவிடுவது நல்லது.